பனதேரோ என்று அழைத்தவள்

டத்தோ கிராமாட் பக்கம் ஒரு ரொட்டிக் கிடங்கில் மாவு பிசைந்துகொண்டிருந்த வயதில் எனக்குப் பல பெயர்கள். முதலாளிக்கு நான் 'டேய்'. தெருவுக்கு ரொட்டிக்காரன். என்னோடு பிசைந்த அண்ணனுக்குத் தம்பி. அவள் ஒருத்திக்குத்தான் பனதேரோ.

மணிலாக்காரி. படங்கள் பேசாத காலம் அது. படக்கொட்டகையில் திரைக்குக் கீழே உட்கார்ந்து ஃபிடில் வாசித்தவரின் மகள். காலையில் சூடு ஆறாத ரொட்டி வாங்க வருவாள். எங்களுக்குள் சந்தை மலாய்தான். ஒருநாள், முழங்கைவரை மாவு அப்பிய என் கையைப் பார்த்துச் சிரித்துவிட்டு அந்தச் சொல்லைச் சொன்னாள். அவள் அப்பா வீட்டில் பேசும் ஸ்பானிய மொழியில், ரொட்டி சுடுகிறவனுக்கு அதுதான் பெயராம்.

"எங்க, நீ சொல்லு."

"பனதேரோ."

"கடைசிய அவ்ளோ இழுக்காதலா. எங்கப்பா ஃபிடில் மாதிரி இருக்கு."

அன்று முழுக்க அந்தச் சொல்லிலேயே பிசைந்தேன். தள்ளும்போது ப, மடிக்கும்போது ன, திருப்பும்போது தே, பலகையில் அறையும்போது ரோ. அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "என்னடா தம்பி, மந்திரமா? ரொட்டி தானா எந்திரிச்சு நடக்கப் போவுது!"

நடந்தது நான்தான். பொழுது சாய்ந்ததும் படக்கொட்டகையின் பின்சுவர் ஓரம் போய் நிற்பேன். உள்ளே ஃபிடில் அழும், ஓடும், குதிரையேறும். படம் எனக்கு எதற்கு? அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவருவாள் அவள். ஒரு தலையசைப்பு. அது போதும், அடுத்த நாள் மாவு முழுவதும் பொங்க.

பிறகு படங்கள் பேசத் தொடங்கின. ஃபிடிலுக்கு வேலை இல்லாமல் போனது. மணிலாவில் அவள் அம்மா வழி ரொட்டிக்கடை ஒன்று பூட்டிக் கிடந்தது. அதைத் திறக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

ஒரு மாலை, நாங்கள் விளக்கேற்றி முடித்த நேரத்தில் வந்தாள். கையில் மூடிபோட்ட தகரக் குவளை. எங்கள் புளித்த மாவில் ஒரு கைப்பிடி வேண்டும். கள் ஊற்றிப் புளிக்கவைத்து, நாள்தோறும் கொஞ்சம் எடுத்துவைத்துப் புது மாவில் சேர்த்துச் சேர்த்து நாங்கள் காப்பாற்றி வந்த உறை அது.

அண்ணன் முந்திக்கொண்டார். "விளக்கு வெச்சாச்சு தம்பி. உறை வெளிய போவக் கூடாது. வீட்டுல உள்ளது எல்லாம் கூடவே போயிரும்."

அவளுக்கு எப்படிச் சொல்வது? நாளைக்கு என்றேன்.

"நாளைக்குக் காலையில அக்கரைக்கு, பிறைக்குப் படகு. அங்கேருந்து ரயில். சிங்கப்பூர்ல கப்பல்."

"படகுத்துறைக்கு நானே கொண்டுவர்றேன்."

விடிந்ததும் அடுப்பை அண்ணனிடம் விட்டுவிட்டு ஓடினேன். வெயில் பட்டு மாவு பொங்கி, மூடியைத் தூக்கிக்கொண்டே வந்தது. உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன், அடங்கவில்லை. துறையில் அவள் அப்பா ஃபிடில் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். அவள் மூடியைத் திறந்து, மாவில் ஒரு விரலை அழுத்தினாள். குழி மெல்ல நிரம்பியது.

"உயிரோட இருக்கு," என்றாள். அப்புறம், குவளையைப் பார்த்தபடியே: "கடை இருக்கு. மாவும் வந்தாச்சு. பனதேரோதான் இல்ல."

படகு ஊதியது. எனக்கு வாயில் வந்தது ஒன்றே ஒன்று: "அடுப்பு எரியுது."

அடுப்பு மூட்டியவன் வேறு என்ன சொல்வான்! அவள் தலையசைத்தாள், படக்கொட்டகை வாசலில் அசைப்பதைப் போலவே. பலகையேறிப் போனாள்.

திரும்பி வந்தபோது அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "உறையத்தானே குடுக்கப் போன?" என்றார். அதற்குமேல் கேலி செய்யவில்லை.

இப்போது எனக்கே ஒரு சின்னக் கிடங்கு. தலையில் நரை, மீசையில் மாவு. எது எது என்று தெரியாது. கப்பல் வந்தால் கடையில் கால் தரிக்காதவன் என்று என்னைச் சொல்கிறார்கள். கப்பல்துறையில் மணிலாக்காரர்கள் பேசினால் பக்கத்தில் போய் நிற்கிறேன். அவர்கள் வானிலையும் சம்பளமும் பேசுகிறார்கள். அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. பிசையும்போது நானே சொல்லிக்கொள்கிறேன்; கடைசியை இழுக்காமல்.

மாலையில் விளக்கேற்றுவதற்கு முன் ஒரு கைப்பிடி உறையை எடுத்துத் தகரக் குவளையில் போட்டு, வாசலுக்கு வெளியே, பலகைமேல் வைத்துவிடுகிறேன். விளக்கு வைத்தபின் யாரும் வந்து கேட்டால், அது ஏற்கெனவே வெளியே போன மாவு.

காலையில் மூடி கொஞ்சம் தூக்கியிருக்கும். விரலை அழுத்திப் பார்த்துவிட்டு, அன்றைய மாவில் சேர்த்துக்கொள்கிறேன்.