முருங்கைத் துளிர்

அக்காவின் இதயம் தாளம் தப்பித் துடித்தது. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. எண்பதுகளின் கடைசியில் அவள் பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். இதயத்துக்குள் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய்விடாமல் இருக்க ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதன் வேலை குறைந்தால் பக்கவாதம், கூடினால் ரத்தக் கசிவு.

மாத்திரை விலை ஒன்றும் பெரிதில்லை. அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் காசு. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று சொல்லும் அந்த டெஸ்ட்டுக்கு மாதாமாதம் எலெக்ட்ரிக் டிரெயின் ஏறி டவுனுக்குப் போக வேண்டும். அவளுக்கு ஒருநாள் சம்பளம் போகும், துணைக்குப் போகிற எனக்கும் போகும். அப்பா மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். சம்பாதிக்கிற பெண்ணுக்குக் கம்பெனி வைத்தியச் செலவு தராதாம். அவள் வாங்கிய சம்பளத்தைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வந்திருக்காது.

ஒருநாள் வகுப்பிலேயே அவளுக்கு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்து, மாத்திரையின் அளவைக் குறைத்து, வீட்டுக்கு அனுப்பியபோது அம்மாவின் இரண்டு வளையல்களும் போயிருந்தன. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பயம் என்றால் ரத்தம் போவதுதான். வாதத்தை எல்லாரும் மறந்தே போனோம்.

பின்வீட்டு அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாள்: "மரம் உன் வூட்லயே கீது, இன்னாத்துக்கும்மா யோசிக்கிறே? டெய்லி முருங்கக்கீரை குடு. போன ரத்தம்லாம் ஊறிடும்."

அம்மாவுக்கு அது போதாதா? பொரியல், கூட்டு, அடை, சூப் என்று தினமும் முருங்கைக்கீரைதான். வாசனை வந்தாலே எனக்கு எரிச்சலாக இருக்கும். "வாயில்லாத மாடு மாதிரி மேயறேன்டி" என்று அக்கா என்னிடம் முனகுவாள். ஆனால் அம்மா முகத்தைப் பார்த்தால் மறு பேச்சில்லாமல் தட்டை நீட்டிவிடுவாள்.

பல் தேய்க்கும்போது ஈறிலிருந்து கசிவது நின்றது. தாம்பரம் மார்க்கெட் பக்கத்து லேபில், உடம்பில் ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற மலிவான டெஸ்ட் எடுத்தோம். கூடியிருந்தது. அம்மா அந்தச் சீட்டைச் சாமி படத்தடியில் வைத்தாள்.

"அதான் ரத்தம் டெஸ்ட் பண்ணியாச்சே. டவுனுக்கு வேற எதுக்கு தண்டச் செலவு?" என்றாள். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மாதாமாதம் டவுனுக்குப் போவது நின்றுபோனது.

ஒரு காலை, அக்கா கையிலிருந்து காபி டம்ளர் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவள் அப்படியே சரிந்தாள். வலது பக்கம் முழுக்கச் செயலற்று, வாய் கோணியிருந்தது. என்னைப் பார்த்து என்னவோ சொன்னாள். அதில் ஒரு வார்த்தைகூட வார்த்தையாக இல்லை. அந்தச் சத்தம் இன்னும் என்னை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எல்லாவற்றையும் விசாரித்தார். பிறகு அம்மா டிபன் கேரியரைக் கழுவப் போன நேரத்தில் அப்பாவையும் என்னையும் வராந்தாவுக்கு அழைத்தார்.

"மாத்திரை சாப்பிடாதவங்க ரத்தம் மாதிரி இருக்கு. இவ்வளவு கீரை அந்த மாத்திரையை வேலை செய்ய விடாது சார். அந்த டெஸ்ட் எடுத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்."

அம்மா வருகிறாளா என்று அப்பா எட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம், "உங்கம்மா காதுக்கு இது போகக் கூடாது. தாங்க மாட்டா" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே மரத்தை வெட்டினார். கம்பளிப்பூச்சி என்றார். "மழையே பெய்யல, கம்பளிப்பூச்சி எங்கேருந்து வந்துச்சு?" என்று அம்மா சண்டை பிடித்தாள். கடையில் வாங்கித் தருகிறேன் என்றவளை, தொண்டையில் சிக்கிக்கொள்ளும், டாக்டர் கீரையே கூடாது என்கிறார் என்று தடுத்தோம். பெண்ணுக்கு ரத்தம் ஊறவைத்த மரத்தைப் பாவி மனுஷன் வெட்டிப்போட்டான் என்று அவர் காதுபடவே வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னாள். அவர் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொள்வார்.

முருங்கை லேசில் சாகாது. அடிக்கட்டை துளிர்த்துக்கொண்டே இருந்தது. அம்மா எழுந்து வருவதற்குள் அப்பா கொல்லைக்குப் போய்த் துளிர்களைக் கிள்ளி வேலிக்கு வெளியே எறிந்துவிடுவார். தொண்ணூறுகளின் நடுவில் அவர் போய்விட்டார். கடைசிவரைக்கும் அந்த ஏச்சுதான் அவருக்கு.

அவர் போன துக்கத்தில் அடிக்கட்டையின் நினைவே எனக்கு வரவில்லை. காரியமெல்லாம் முடிந்த மறுநாள் திடீரென்று ஞாபகம் வந்து, விடிந்தும் விடியாமல் கொல்லைக்கு ஓடினேன். அக்கா எனக்கு முன்னால் அங்கே இருந்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து வந்திருக்க வேண்டும். மண்ணில் உட்கார்ந்து, இடது கையால் துளிர்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

அவளிடம் நாங்கள் யாரும் எதுவும் சொன்னதில்லை. கிள்ளியதையெல்லாம் என் கையில் திணித்தாள். சமையலறையில் அம்மா விளக்குப் போடும் சத்தம் கேட்டது. அக்கா வேலிப் பக்கம் தலையை அசைத்து, சீக்கிரம் எறி என்று கண்ணால் சொன்னாள்.