இரண்டாயிரம் சுற்றுக்குக் கீழே

என் அக்காவிடம் கார் ஓட்டக் கற்றவர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் மெதுவக்கா. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அலுவலகத்தில் தொலைபேசியை எடுப்பவள் நான் என்பதால் எனக்குத் தெரியும். "மெதுவக்கா ஸ்கூல்தானே?" என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். கூடப்பிறந்தவள் என்பதற்காக நான் எதையும் பூசி மெழுகுகிற ஆள் இல்லை, ஒரே ஒரு விஷயத்தைத் தவிர.

எங்கள் பள்ளி என்பது ஒரு ஷட்டர் போட்ட அறை, ஒரு மேசை, சாலைக் குறியீடுகள் அச்சிட்ட வெளிறிப்போன அட்டை, ஒரே ஒரு வெள்ளைக் கார். அந்தக் காரைப் பற்றிக் கேட்டால் அக்கா தூக்கத்தில்கூட ஒப்பிப்பாள். 998 சிசி, மூன்று சிலிண்டர், பெட்ரோல். பெல்ட் இல்லை, டைமிங் செயின். இரண்டே முக்கால் லிட்டர் ஆயில். ஒன்பது வருடத்தில் ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் மூன்றாவது கியரில் வண்டியைக் கிளப்புவார்கள், ஒரு மணி நேரத்தில் இருபது தடவை அணைப்பார்கள், கிளட்சை வறுத்தெடுப்பார்கள். அந்த இன்ஜின் பட்டது நாய் படாத பாடு. ஆனாலும் ஒரு நாள்கூட நடுரோட்டில் நின்று எங்களைத் தள்ள வைத்ததில்லை. காரணம் தன்னுடைய கவனிப்புதான் என்று அக்கா உறுதியாக நம்பினாள்.

கவனிப்பு என்றால் என்னவென்று சொல்கிறேன். வண்டி வாங்கிய அன்றே, இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டும் மீட்டரின் கண்ணாடியில், இரண்டாயிரத்துக்கு நேராக என்னுடைய சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டாள். முள் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டப் பார்த்தால் அடுத்த கியருக்கு மாற்றிவிட வேண்டும். இன்ஜின் கத்தினால் சாகும் என்பது அவள் பாடத்தின் முதல் வரி. நானூறு பேருக்கு மேல் அந்த வரியைக் கற்றுக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அந்த வரி எங்கிருந்து வந்தது என்றால், அப்பாவின் பழைய காரிலிருந்து. அக்காவுக்கு அப்போது இருபத்தொரு வயது, லைசென்ஸ் வாங்கி இரண்டு வாரம். எனக்குப் பதினான்கு. ஒரு காலையில் இருவரும் அந்தக் காரில் மேம்பாலம் ஏறினோம். பாதி ஏற்றத்தில் வண்டி திணற, அக்கா இரண்டாவது கியர் போட்டு முழுசாக மிதித்தாள். இன்ஜின் அலறியது. பிறகு புகை, நாற்றம், அமைதி. அதோடு அந்த இன்ஜின் போய்ச் சேர்ந்தது. அப்பா வந்து பார்த்துவிட்டு, "முடுக்கியே கொன்னுட்டே" என்றார். அந்தக் காருக்கு அவர் ஆறு வருடம் சேர்த்திருந்தார். அதற்குப் பிறகு அவர் வேறு கார் வாங்கவில்லை. அக்கா ஓட்டும் எந்த வண்டியிலும் ஏறியதுமில்லை. அவள் ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள்; அவர் கண் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறார்.

நான் மறைத்தது இதுதான். அந்தக் காரின் ரேடியேட்டர் லேசாக ஒழுகும். தினமும் காலையில் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. அன்று தலை பின்னிக்கொண்டிருந்ததில் மறந்துவிட்டேன். அப்பா கேட்டபோது, ஊற்றிவிட்டேன் என்றேன். பாலத்தில் ரேடியேட்டர் காலியாக இருந்ததைப் பார்த்து, இருந்த தண்ணீரெல்லாம் கொதித்து ஆவியாகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. இருபத்து மூன்று வருடம் திறக்கவில்லை.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, எங்கள் வண்டி புகைப் பரிசோதனையில் தோற்றது. சைலன்சருக்குள் குழாயை விட்டுப் பார்த்தவர், இருக்கக்கூடிய அளவைப்போல இரண்டு மடங்கு நச்சுவாயு வருகிறது என்றார். பழைய சான்றிதழ் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. சனிக்கிழமை ஏழு பேருக்கு இதே வண்டியில் லைசென்ஸ் தேர்வு. சான்றிதழ் இல்லாவிட்டால் தேர்வும் இல்லை, பள்ளிக்கான அனுமதியும் நிறுத்திவைக்கப்படும். பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். இன்ஜினை இறக்க வேண்டும், இரண்டு வாரம் ஆகும் என்று கை விரித்தார்கள். அக்கா முகத்தில் ஈயாடவில்லை.

கடைசியில், சந்தைக்குப் பின்னால் தனியாகக் கடை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனோம். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். இன்ஜினின் மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி ஒரு துணியில் வரிசையாக வைத்தார். மூன்றும் கரி. அவர் சிரித்துக்கொண்டே, மெதுவக்கா ஸ்கூல் வண்டியா என்று கேட்டார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"உங்ககிட்ட படிச்சவங்க வண்டி எல்லாம் எங்கிட்டதான் மேடம் வருது," என்றார். "பிளக்கைக் கழட்டுனதும் கேப்பேன், அந்த ஸ்கூலான்னு. இதுவரைக்கும் தப்புனதே இல்ல."

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். இன்ஜினில் தேய்மானம் ஒன்றுமில்லை. மூன்று சிலிண்டரிலும் அழுத்தம் புது வண்டி மாதிரி இருக்கிறது, இன்னும் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஆனால் எப்போதும் குறைந்த சுற்றிலேயே, பக்கத்துத் தெருக்களிலேயே உருட்டியதால் அது சரியாகச் சூடேறியதே இல்லை. சூடேறாத இன்ஜினில் பெட்ரோல் முழுசாக எரியாது; மிச்சம் கரியாகப் படியும். சைலன்சரில் புகையைச் சுத்தம் செய்யும் பாகமும் சூடானால்தான் வேலை செய்யும். காரோடு வந்த கையேட்டை டேஷ்போர்டிலிருந்து எடுத்து விரித்து ஒரு வரியைக் காட்டினார். அதிகபட்ச முறுக்குவிசை 3500 சுற்றில். அதிகபட்ச சக்தி 5500 சுற்றில்.

அக்காவுக்கு அந்த வரி மனப்பாடம். அது விளம்பரத்துக்குப் போடுகிற கணக்கு என்று இத்தனை நாள் நினைத்திருந்தாளாம். மெக்கானிக் நகப்பூச்சுக் கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை. "மூவாயிரத்து ஐநூறுல நிம்மதியா ஓடத்தான் மேடம் இதைச் செஞ்சிருக்காங்க. நீங்க பாவம்னு நினைச்சு மூச்சு முட்ட வச்சிருக்கீங்க," என்றார்.

புது பிளக், காற்று ஃபில்டர், புது ஆயில். அதெல்லாம் வியாழக்கிழமைக்குள் முடிந்தது. மீதி வைத்தியம் அக்கா கையில், இல்லை, காலில். வெள்ளிக்கிழமை காலை நெடுஞ்சாலையில் நாற்பது நிமிடம், மூன்றாவது கியரில், முள் மூவாயிரத்தைந்நூறுக்குக் கீழே இறங்காமல் ஓட்ட வேண்டும். அந்தக் கியரில் வேகம் அறுபதுக்கு மேல் போகாது, பயப்பட ஒன்றுமில்லை. பிறகு இன்ஜினை அணைக்காமல், சூட்டோடு சூடாகப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கேட்கும்போது எளிதாகத்தான் இருந்தது. நெடுஞ்சாலை ஏறினோம். நான் பயிற்சியாளர் இருக்கையில், என் காலடியில் உபரி பிரேக். முள் ஆயிரத்தெண்ணூறு, ஆயிரத்துத் தொள்ளாயிரம். கோட்டைத் தொட்டதும் அக்காவின் கால் தானாகத் தூக்கிக்கொண்டது. மறுபடி மிதித்தாள், மறுபடி தூக்கியது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தே ஓய்ந்து எங்களைத் தாண்டிப் போனது. இப்படியே இருபது நிமிடம். பரிசோதனைக் கூடம் பன்னிரண்டு மணிக்கு மூடிவிடும்.

"முடியலடி," என்றாள். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. "அந்தப் பாலத்துச் சத்தம் காதுலயே இருக்கு. இதையும் கொன்னுட்டா அப்பா சொன்னது சரின்னு ஆயிடும்."

அவள் இப்படி ஒரு வாக்கியம் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஸ்கூல் போய்விடுமே என்று அவள் பயப்படுவதாகத்தான் நான் நினைத்திருந்தேன். இப்போது சொல்லாவிட்டால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

"அக்கா, அந்த வண்டி நீ முடுக்குனதால சாகல. அன்னைக்குக் காலைல நான் தண்ணி ஊத்தல. ஊத்துனேன்னு பொய் சொன்னேன். காலி ரேடியேட்டரோடதான் நாம பாலம் ஏறினோம்."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. "இவ்வளவு நாளும் தெரியுமா உனக்கு?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். அவள் கால் மிதிகட்டையில் இறங்கியது. முள் இரண்டாயிரம் தாண்டியது. மூவாயிரம். மூவாயிரத்து எழுநூறு. இன்ஜின் கத்தும் என்று எதிர்பார்த்து நான் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது கத்தவில்லை. அடிக்குரலில் ஒரே சீராகப் பாடியது, இருக்கையில் எப்போதும் இருக்கும் நடுக்கம்கூட நின்றுபோனது. அக்காவின் பற்கள் இறுகியிருந்தன. என் மேலிருந்த கோபத்தையெல்லாம் அந்த மிதிகட்டையில் காட்டுகிறாள் என்று புரிந்தது. காட்டட்டும் என்று விட்டுவிட்டேன். நாற்பது நிமிடம் என்று சொன்ன இடத்தில் ஐம்பது நிமிடம் ஓட்டினாள். அவ்வளவு கோபம் இருந்தது.

பதினொன்றே முக்காலுக்குக் கூடத்துக்குள் நுழைந்தோம். அதே ஆள் அதே குழாயைச் சொருகினார். எண்ணைப் பார்த்தார், குழாயை எடுத்துத் தட்டிவிட்டு மறுபடி சொருகினார். இருக்கக்கூடிய அளவில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. இன்ஜின் மாற்றிவிட்டீர்களா என்று கேட்டார். அதே இன்ஜின்தான் என்றாள் அக்கா. சான்றிதழை என்னிடம் தராமல் தன் பையில் வைத்துக்கொண்டாள். ஏழு பேருக்கும் நாளைக்குத் தேர்வு உண்டு என்று செய்தி அனுப்பும் வேலையை மட்டும் சைகையால் எனக்குக் காட்டினாள்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும்தான் என்னிடம் பேசினாள். "அப்பாகிட்ட நீயே சொல்லு."

அப்பா கூடத்தில் உட்கார்ந்து அந்த வார மாத்திரைகளைக் கிழமைவாரியாகப் பிரித்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஊற்றியதாகச் சொன்னாயே என்றார். பொய் என்றேன். வியாழக்கிழமைக் கட்டத்தில் ஒரே மாத்திரையை எடுப்பதும் போடுவதுமாக வெகுநேரம் இருந்தார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அக்கா கதவு நிலையில் சாய்ந்து, கையில் சாவியோடு நின்றிருந்தாள்.

"திங்கக்கிழமை கண் டாக்டர்கிட்ட போகணும்," என்றார் கடைசியில், டப்பாவைப் பார்த்துக்கொண்டே.

ஏழரை பஸ்தானே என்று அக்கா கேட்டாள்.

"பஸ்ஸுல இல்லம்மா. நீ கூட்டிட்டுப் போறியா?"

ஏழு மணிக்குத் தயாராக இருக்கச் சொல்லிவிட்டு அக்கா விடுவிடுவென்று சமையலறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். குழாயைத் திறந்துவிட்டு, ஏற்கனவே கழுவியிருந்த டம்ளர்களையே திரும்பக் கழுவிக்கொண்டு, தோள் குலுங்க அழுதாள். நான் தொடப் போனதும் முழங்கையால் தள்ளிவிட்டாள்.

"உன்கூட நான் இன்னும் பேசல," என்றாள், மூக்கை உறிஞ்சியபடி. "திங்கக்கிழமை நீயும் வா. அப்பாவை முன்சீட்ல உக்கார வைக்கணும், நீ பின்னாடி."