இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

சிஸ்டர் போர்வையை விலக்கியதும் அறை முழுக்கப் பரவிய அந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. என் கணவனின் இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் சதை கறுத்து அழுகியிருந்தது. எனக்குப் பதற்றம் வரவில்லை. திருப்தியாக இருந்தது. இன்று எழுதும்போதும் அதற்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

அவன் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலையில் வேலை பார்த்தவன். பதினாறு வருடம் என்னை அடித்தான். பெல்ட்டால், குக்கர் மூடியால். ஒருமுறை கொதிக்கிற ரசத்தை என் கையில் ஊற்றினான். பக்கவாதத்தில் வலது பக்கமும் பேச்சும் போய் ஆஸ்பத்திரியிலிருந்து அவன் வீடு வந்த பிறகு, வாரத்துக்கு இரண்டு நாள் இந்த சிஸ்டர் வந்தார், கன்னியாஸ்திரி. மடத்தில் நர்ஸ் வேலை படித்தவர். நாங்கள் சர்ச்சுக்குப் போகாதவர்கள். அவர் அதைப் பற்றிக் கேட்டதில்லை. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவனைத் திருப்பிப் படுக்கவைக்கச் சொல்லிக்கொடுத்தார். கிளம்பும் முன் கட்டிலருகே கண்மூடி ஜெபிப்பார். நானும் கண்ணை மூடிக்கொள்வேன். இவன் மெதுவாகச் சாகட்டும் என்று வேண்டிக்கொள்வேன்.

ஒருமுறை தியானத்துக்காக அவர் பதினைந்து நாள் வெளியூர் போனார். அத்தனை நாளும் நான் அவனைத் திருப்பவில்லை. இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவான். டிவி சத்தத்தைக் கூட்டுவேன்.

"எத்தன நாளாச்சு திருப்பி?" என்று கேட்டார், திரும்பி வந்து போர்வையை விலக்கிய சிஸ்டர்.

"தெனமும் திருப்பிக்கினுதான் இருக்கேன்."

"பொய் சொல்லாதம்மா."

செல்போன் வெளிச்சத்தை என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, செத்த சதையைக் கத்திரியால் நறுக்கி எடுத்தார். அவன் அலறினான். அந்த வெளிச்சத்தில் என் கைத் தழும்பு அவர் கண்ணில் பட்டது.

"இவரு பண்ணதா?"

தலையாட்டினேன். அவர் கட்டுப் போட்டு முடித்துக் கையைக் கழுவினார்.

"மன்னிச்சிடுன்னு நான் சொல்ல மாட்டேன். அது உன் இஷ்டம். கோவம் இருந்தா கோவத்தோடயே திருப்பு. ஆனா திருப்பு."

அப்படியே செய்தேன். ஒவ்வொரு தடவையும், அவன் எனக்குச் செய்த ஒன்றை அவன் காதில் சொல்லிவிட்டுத்தான் திருப்பினேன். ரசம். பெல்ட். கலைந்த கரு. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை. பதினாறு வருடத்துக்கு அது போதவில்லை. அவன் கண்ணில் நீர் வழியும். துடைத்துவிடுவேன். ஈரம் தங்கக்கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருந்தார்.

புண் ஆறியது. எட்டு மாதம் கழித்து இரண்டாவது வாதத்தில் அவன் செத்தான். உடலைக் குளிப்பாட்டிய அவன் தம்பி வெளியே வந்து, "அண்ணி தங்கமாட்டம் பாத்துக்கினாங்க" என்று எல்லோரிடமும் சொன்னான். பெண்கள் என் கையைப் பிடித்து அழுதார்கள். சிஸ்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"திருப்பும்போதெல்லாம் அவன் காதுல ஒண்ணு சொன்னேன் சிஸ்டர்," என்றேன்.

"தெரியும். வாசல் வரைக்கும் கேக்கும். நீ முடிக்கிற வரைக்கும் வெளியவே நிப்பேன்."