மீசை மாற்றும் நேரம்

போன வாரம் கோட்டுச்சேரியிலிருந்து காரைக்காலுக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து சீட்டு இளைஞர் போனில் பழைய படம் ஒன்று பார்த்தபடி வந்தவர், திடீரென்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எட்டிப் பார்த்தேன். குடை ரிப்பேர்க்காரரும் தபால்காரரும் சண்டை போடும் காட்சி. நான் எழுதியது! "தம்பி, அது நான் எழுதுனது" என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. நம்பமாட்டார் என்று வாயை மூடிக்கொண்டேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் பஸ்ஸைவிட்டு இறங்கினேன்.

அந்தச் சிரிப்போடு, மீசை ஒட்டும் கோந்து வாடையும் மூக்கில் ஏறியது. நாங்கள் நாடகம் போட்ட காலத்து வாடை. குழுவில் எப்போதும் ஆள் பற்றாக்குறை. என் நாடகத்தில் அப்பா வேஷமும் மகன் வேஷமும் இலியாஸ்தான். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். மேடை ஏறினால் கடையை மறந்துவிடுவான். அப்பா செத்ததும் நரைத்த மீசையைப் பிய்த்து, கறுப்பு மீசை ஒட்டி, மகனாக வர ஐந்து நிமிஷமாவது வேண்டும். "மெதுவா பிய்க்கணும் மாப்ளே, தோலோட வருது" என்பான். அவனுக்காகவே குடைக்காரரையும் தபால்காரரையும் முன்திரைக்கு வெளியே சண்டை போடவிட்டு நேரத்தை ஓட்டினேன்.

அந்த நாடகத்தைப் பார்த்த டைரக்டர் ஒருவர், படமாக எடுக்கலாம் என்று என்னைச் சென்னைக்கு வரச் சொன்னார். சம்பளமில்லா லீவு போட்டுவிட்டு ஓடினேன். "சரிப்படலைன்னா வந்துடுங்க, உங்க நாற்காலி இங்கதான் இருக்கும்" என்றார் ஆபீஸ் மேனேஜர். நல்ல மனிதர். ஆனால் அந்த நாற்காலிக்குத் திரும்பவே கூடாது என்றுதான் பஸ் ஏறினேன்.

முதல் நாள் திரைக்கதையைப் படித்தேன். டைரக்டர் நிறுத்தினார்.

"இந்தக் குடைக்காரர் சீன் எதுக்குங்க?"

"ஹீரோ மீசை மாத்த வேண்டாமா சார்?"

அறையே சிரித்தது. "அடுத்த வாரம் மாத்தட்டுமே, கேமரா காத்திருக்கும்" என்றார் கேமராமேன். எனக்குக் காது சூடாகிவிட்டது. அன்றைக்கே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். டைரக்டர் மட்டும் அந்தப் பக்கங்களை மறுபடி வாசித்தார்.

"அப்பா செத்த கையோட மகனைக் காட்டுனா ஜனங்க மூச்சு விட முடியாது. இது இருக்கட்டும். அடுத்த படமும் நீங்களே எழுதுங்க."

மறுநாளே ராஜினாமா எழுதினேன்.

பெரிய நடிகர் ஒருவர் அப்பாவும் மகனுமாக நடித்த அந்தப் படம் காரைக்காலுக்கு வந்தபோது குழுவே ஒரு வரிசையில் உட்கார்ந்தது. அந்தக் காட்சிக்குத் தியேட்டர் அதிர்ந்தது. பெருமை தாங்காமல் இலியாஸைத் திரும்பிப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. விரல் மேலுதட்டைத் தடவிக்கொண்டிருந்தது.

"இந்நேரம் கறுப்பு மீசை ஒட்டி முடிச்சிருப்பேன் மாப்ளே" என்றான்.

தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். குழு கலைந்துவிட்டது. துபாய்க்கு வேலைக்குப் போன இலியாஸ் அங்கேயே இறந்துபோனான். எத்தனையோ பெரிய நடிகர்களுக்கு எழுதிவிட்டேன். அந்தப் பெருமையில் ஒரு குறையும் இல்லை. ஆனால், இலியாஸுக்கு ஒரு வேஷம் கேட்கவேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவேயில்லை. அவனும் கேட்கவில்லை.