காசிக்குப் போன பம்ப் ஸ்டவ்

"ஏட்டி, ஒனக்கு வேற சோலியே கெடையாதா? வேன்ல அடுப்பு வைக்கணும்னா கடைக்காரன்ட்ட போயிக் கேளு. செத்துப்போனவிய கதைய எதுக்குக் கெளறுதே? தெரிஞ்சிக்கிட்டு என்ன செய்யப் போறே, பஸ் ஸ்டாண்டுல மைக் கட்டிச் சொல்லப் போறியா?"

இப்படித்தான் பேத்தியை ஏசினேன். அவளும் அவள் வீட்டுக்காரரும் ஒரு வேன் வாங்கி, அதற்குள்ளேயே சமைத்துச் சாப்பிட்டு ஊர் சுற்றப் போகிறார்களாம். கேஸ் அடுப்பா, கரண்ட் அடுப்பா என்று ஒரு வாரமாக வீட்டில் பட்டிமன்றம். "ஆச்சி, நீ அந்தக் காலத்துலயே வேன்ல சமைச்சவளாமே" என்று கேட்டுத் தொலைத்தாள். ஏசி அனுப்பிவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து மூக்கை விட்டு மண்ணெண்ணெய் வாசம் போகமாட்டேன் என்கிறது. அதனால் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, முன்னே பின்னேதான் இருக்கும்.

எழுபதுகளின் கடைசி. என் மாமியாருக்கு வயிற்றில் கட்டி. மதுரை டாக்டர் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்தவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. மாமியாருக்கு எனக்கு முன்னாலேயே புரிந்துவிட்டது. "காசிக்குக் கூட்டிட்டுப் போயிருல" என்றார் மகனிடம். வேறு எதுவும் கேட்கவில்லை.

ரயிலில் கொண்டுபோக முடியாது. அவருக்கு உட்கார வராது. அதோடு, நொய்க்கஞ்சி மட்டும்தான் உள்ளே இறங்கும். மணிக்கு ரெண்டு வாய், அதுவும் சுடச்சுட இருக்க வேண்டும். ஆறிப்போனால் குடித்த அடுத்த நிமிஷம் வெளியே வந்துவிடும். எங்களிடம் ஒரு வேன் இருந்தது. ஸ்டேஷனுக்குத் தீப்பெட்டி பண்டல் ஏற்றவும், முகூர்த்த நாளில் கல்யாண வீட்டாரை ஏற்றவும் என் வீட்டுக்காரர் ஓட்டிக்கொண்டிருந்த வேன்.

"நம்ம ஊரு வழியாப் போற இந்த ரோடுதாம்மா நேரா காசிக்குப் போவுது. எங்கயும் வளைய வேண்டாம்" என்றார் அம்மாவிடம்.

சீட்டைக் கழற்றி மெத்தை போட அரை நாள் ஆனது. எந்த அடுப்பை வைப்பது என்று முடிவு செய்ய ஒரு மாதம் ஆனது.

"மண்ணடுப்பு ஒண்ணு, பருத்திமார் நாலு கட்டு. போதும்ட்டி" என்றார் மாமியார். எங்கள் கரிசல் காட்டில் பருத்தி எடுத்து முடித்ததும் பிடுங்கிக் காயப்போடும் செடிதான் பருத்திமார். வருஷம் முழுக்க அதுதான் எங்களுக்கு விறகு.

"அத்த, வேனுக்குள்ள பருத்திமார் எரிச்சா நீங்க காசி வரைக்கும் போவேண்டாம். திருமங்கலத்துலயே சோலி முடிஞ்சிரும்."

"அங்க போயும் எரிக்கத்தானட்டி போறிய. எங்க எரிஞ்சா என்ன?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாயாடுவதில் எனக்குச் சரிக்குச் சரி அவர் ஒருவர்தான்.

தூத்துக்குடியில் ஒரு கூட்டாளி கேஸ் சிலிண்டர் இரவல் தருவதாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் மறுத்துவிட்டார். "தீப்பெட்டி ஏத்துத வேன்ல சிலிண்டரா? ஊரு சிரிக்கும். அதைப் பாக்க நான் இருக்கணும்லா?" வீட்டிலிருந்த திரி ஸ்டவ்வை வேனில் வைத்து எட்டயபுரம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். காற்று நாலு தடவை அணைத்தது. ஒரு செம்பு தண்ணீர் சுடுவதற்குள் பாதி தூரம் போய்விட்டோம். என் மூக்குக்குள் புகைக்கரி அப்பியதுதான் மிச்சம்.

கடைசியில் பஜாருக்குப் போய் நான்தான் அந்தப் பித்தளைப் பம்ப் ஸ்டவ்வைத் தேர்ந்தெடுத்தேன். கடைக்கார அண்ணாச்சி பம்ப் அடித்துப் பற்றவைத்ததும் நீலமாக எரிந்தது. நல்ல இரைச்சல். எண்ணெய் வரும் ஓட்டையைக் குத்துவதற்கு ஒரு கட்டு ஸ்டவ் பின்னும் கொடுத்தார். தகரத் துண்டின் நுனியில் தலைமயிர் மாதிரி ஒரு கம்பி.

"தாயி, இந்தப் பின்ன மட்டும் தொலைச்சிராதீக. ஓட்டை அடைச்சிட்டுன்னா, இது இல்லாம இது அடுப்பே இல்ல, வெறும் பித்தளைச் சட்டி."

"அண்ணாச்சி, எம் புருசனையே பதினஞ்சு வருசமாத் தொலைக்காம வச்சிருக்கேன். இதையா தொலைச்சிருவேன்?"

கடையே சிரித்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

தீக்குச்சி வரும் மரப்பெட்டி ஒன்றில் எங்கள் காட்டு மண்ணை நிரப்பி, ஸ்டவ்வைப் பாதி புதைத்து, ஆடாமல் வேனுக்குள் வைத்தோம். பிள்ளைகள் காலில் குத்திவிடக் கூடாதென்று பின்களை அடுப்படியில் தொங்கிய காலண்டர் அட்டையில் செருகினேன். புறப்படும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பிள்ளைகளைக் கழுகுமலையில் என் அம்மா வீட்டில் விட்டோம். புறப்பட வேண்டிய காலையில் பார்த்தால், என் வீட்டுக்காரர் அம்மாவின் மனம் கோணாமலிருக்க மண்ணடுப்பையும் பருத்திமார் ரெண்டு கட்டையும் வேனில் ஏற்றி வைத்திருக்கிறார். ஏறும்போதே ஒரு குச்சி என் புதுச்சேலையைக் கிழித்தது. அவர் கேனை எடுத்துக்கொண்டு டீசல் வாங்கப் போயிருந்தார். நான் ரெண்டு கட்டையும் அடுப்பையும் இறக்கி மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கோபத்தில் காலண்டர் பக்கம் போகவே இல்லை.

முதல் நாலு நாள் ஸ்டவ் நன்றாகவே உழைத்தது. ரோட்டோரம் நிறுத்துவோம், பம்ப் அடிப்பேன், கஞ்சி பொங்கும். "ஏரோப்ளேன் எறங்கிட்டு, கஞ்சி வந்துரும்" என்பார் மாமியார். பெங்களூரைத் தாண்டும்போது ஒரு டம்ளர் நிறையக் குடித்தார். ஹைதராபாத்தைத் தாண்டி ஒரு பள்ளத்தில் வேன் குதித்ததில் பிளாஸ்க் உடைந்தது. ஸ்டவ் இருக்கும்போது பிளாஸ்க் எதற்கு என்றேன். வீட்டிலிருந்து வடிகட்டிக் கொண்டுபோன மண்ணெண்ணெய் தீர்ந்ததும், வழியில் ஒரு கடை டிரம்மிலிருந்து வாங்கி ஊற்றினோம். அடியில் கசடு இருந்ததை நான் பார்க்கவில்லை.

நாக்பூருக்கு இன்னும் தூரம் கிடந்தது. ரெண்டு நாளாக விடாத மழை. அவ்வளவு மழையை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. காலையில் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கியதில் பின்சக்கரம் ரோட்டை விட்டு இறங்கிப் புதைந்தது. இறங்கிப் பார்த்தால் நம் ஊர் மண்ணேதான். கன்னங்கரேல் என்று, காலைப் பிடித்தால் விடாத மண். ரெண்டு பக்கமும் முழங்கால் உயரப் பருத்தி.

மாமியார் ஜன்னல் வழியாகப் பார்த்தார். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து, கொடுத்தாலும் வேண்டாமென்று, எதுவும் குடித்திருக்கவில்லை.

"ஏட்டி, நம்ம காட்டுக்கு வந்துட்டமா? பருத்தி நல்லா வந்திருக்கு. ரெண்டு வாய் கஞ்சி தா, சூடா."

பம்ப் அடித்தேன். இரைச்சல் வரவில்லை. இன்னும் அடித்தேன். புஸ் என்று ஒரு மூச்சு விட்டு நின்றது.

"பின் எங்கட்டி?" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்குக் காலண்டர் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. தாலிக்கொடியில் கிடந்த ஊக்கைக் கழற்றிக் குத்தினேன். ஊக்கு தடிமன், நுழையவில்லை. அவர் விளக்குமாற்றுக் குச்சியைச் சீவிக் குத்தினார்; அது ஓட்டைக்குள்ளேயே ஒடிந்து நின்றது.

"சரி, அந்தப் பருத்திமார எடு" என்றார்.

நான் ஊக்கால் மறுபடியும் ஓட்டையைக் குத்தினேன். வேனின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தார். அதற்கு அவர் என்னை ரெண்டு அறை அறைந்திருக்கலாம். மழையில் இறங்கி, ஒரு லாரியை மறித்து ஏறிப் போனார், எங்கேயாவது சூடாக ஏதாவது வாங்கி வர.

சுற்றிக் கிடந்த குச்சியெல்லாம் ஊறிப்போய், மண்ணெண்ணெய் ஊற்றியும் பிடிக்காமல் கிடந்தன. காய்ந்த பொருள் என்று வேனில் இருந்தது ஒரு பண்டல் தீப்பெட்டிதான், வழியில் உதவி செய்பவர்களுக்குக் கொடுக்கக் கொண்டுவந்தது. மண்பெட்டியிலிருந்து ஸ்டவ்வைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்தக் குழிக்குள் தீப்பெட்டிகளைக் கொளுத்திப் போட்டு, மேலே செம்பைப் பிடித்தேன். புர்ரென்று ஒரு சீற்றம், கண் எரியக் கந்தகப் புகை, உடனே சாம்பல். பெட்டி பெட்டியாகப் போட்டேன். விரல் வெந்தது. தண்ணீர் வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லை. நொய் அடியில் வேகாமல் கிடந்தது.

அந்தத் தண்ணீரைத்தான் மாமியார் வாயில் விட்டேன். ஒரு வாய் விழுங்கினார். அதுவும் கடைவாய் வழியாக வெளியே வந்தது.

"நாலு கட்டுப் பருத்திமார் கேட்டேம்லா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எப்போதும் என்னைக் கேலி செய்யும் அதே குரலில்தான். நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்காமல் போனது அன்றைக்குத்தான். கிடைப்பதற்குள் அவர் போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் ஒரு தூக்குவாளியில் சூடான பாலோடு வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. தூக்கைக் கீழே வைக்க மறந்து கையிலேயே பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

பக்கத்துக் கிராமத்து ஆட்கள் வந்தார்கள். எங்கள் பேச்சு அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் பேச்சு எங்களுக்குத் தெரியாது. எரிக்கக் கட்டை கொடுத்தார்கள், ஈரமாக இருந்தது. ஒரு பெண் வீட்டுக்கு ஓடிப்போய், கூரை இறவாணத்துக்கு அடியில் அடுக்கியிருந்த காய்ந்த கட்டு ரெண்டைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து போட்டாள். பருத்திமார். சடசடவென்று பிடித்துக்கொண்டது.

சாம்பலைக் காசியில் கரைத்துவிட்டு அதே ரோட்டில் திரும்பினோம். வீட்டைத் திறந்ததும் அடுப்படிக்குத்தான் போனேன். பின்கள் காலண்டரில் வரிசையாக நின்றன. தொழுவத்துக்குப் பின்னால் கட்டுகளும் போட்டபடியே கிடந்தன. வைக்கோலை அள்ளி மூடினேன். என் வீட்டுக்காரர் அதைப் பற்றி அன்றைக்கும் கேட்கவில்லை, சாகும்வரையும் கேட்கவில்லை.

சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பெண்கள் துக்கம் விசாரிக்க வந்தார்கள். எல்லாரும் கேட்பதைத்தான் கேட்டார்கள்.

"கடைசியா என்ன சாப்ட்டாவ?"

"கஞ்சிதான் மைனி. ஒரு செம்பு. சுடச்சுட, ஊதி ஊதிக் குடிச்சாவ. போதும்ட்டின்னு கையைக் காட்டிட்டுத்தான் கண்ண மூடுனாவ."

"புது ஸ்டவ்வு நல்லா எரிஞ்சிச்சாக்கும்?"

"அது கெடக்கு சனியன், பாதி வழியில நின்னுபோச்சு. அத்த அன்னைக்கே சொன்னாவல்லா, மண்ணடுப்பும் பருத்திமாரும் ஏத்துட்டின்னு. ஏத்திட்டுப் போனதால தப்பிச்சோம். அதுலதான் கஞ்சி வச்சுக் குடுத்தேன்."