கெர்னிக் ஊரின் டூபா மாப்பிள்ளை

மாட்டுத் தொழுவத்தில் நின்று டூபா என்ற பெரிய பித்தளை வாத்தியத்தை ஊதிக்கொண்டிருக்கிறார் டிரயான். வீட்டுக்குள் ஊதினால் மனைவி பார்போரா கரண்டியோடு வந்துவிடுவாள். மாடுகள் அசைபோடுவதை நிறுத்தாவிட்டால் தாளம் சரி என்பது அவர் கணக்கு. "மாடு பொய் சொல்லாதுங்க. பேண்டுல இருக்கிறவன்தான் எதுக்கெடுத்தாலும் 'பிரமாதம்'பான்."

டிராக்டர் பழுது பார்ப்பது தொழில். மலைக்கு அந்தப் பக்கத்து ருமேனியர். ருமேனியாவுக்குள்ளேயே செக்குகள் குடியேறிய ஊரான எங்கள் கெர்னிக்கில் செக் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டதால் ஊருக்கே மாப்பிள்ளை. தாளத்தைச் செக் மொழியில் எண்ணுவார். நட்டு கழலாவிட்டால் ருமேனிய மொழியில் திட்டுவார். அதில் அதிசயமில்லை. இந்த ஊர்ச் செக்குகள் அத்தனை பேரும் ருமேனிய மொழியில்தான் திட்டுகிறோம். எங்கள் மொழியில் அந்தக் காரம் கிடையாது.

அவர் வீட்டில் ஈஸ்டர் இரண்டு. பார்போராவுக்குக் கத்தோலிக்கத் தேதி, அவருக்கு ஆர்த்தடாக்ஸ் திருச்சபைத் தேதி. "ஒரே சாமி, ரெண்டு தேதி. எனக்கென்ன நஷ்டம்? ரெண்டு தடவையும் ஆட்டுக்கறி." எந்தச் சாமியையும் கும்பிடாத நானும் இரண்டு விருந்துக்கும் தவறாமல் போய்விடுகிறேன்.

இந்தக் கோடையில் செக் நாட்டில் ஒரு விழாவுக்கு எங்கள் பேண்டை அழைத்தார்கள். டிரயான் அந்த நாட்டைப் பார்த்ததே இல்லை. ஒரு மாதம் முன்பே பெட்டி கட்டிவிட்டார். "அங்க பீர் நல்லாருக்குமாம் வாத்தியாரே. அப்படியே இவ பாட்டன் பூட்டன் ஊரையும் பாத்துட்டு வந்துரலாம்."

பெயர்ப்பட்டியலைச் சரிபார்க்க, செக் தலைநகர் பிராகாவிலிருந்து விழாக்குழுவின் ஸ்டிபோர் வந்தார். என் பள்ளிக்கூடத்தில் ஒத்திகை. டிரயானின் பெயரில் பேனா நின்றது.

"தப்பா எடுத்துக்காதீங்க. இது செக் மரபு விழா. செக் வம்சத்துக்காரங்க மட்டும்தான் வரலாம்."

"பதினாறு வருஷமா எங்க கல்யாணம், சாவு எல்லாத்துக்கும் ஊதறவருங்க," என்றார் பேண்டுத் தலைவர் வென்டெலின்.

"இருக்கலாம். ரத்தம்னு ஒண்ணு இருக்கில்ல?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரத்தத்தில் போல்கா நடனத் தாளம் ஓடுவதாக எந்த மருத்துவ நூலிலும் நான் படித்ததில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன் மரம் வெட்ட எங்கள் முன்னோரைச் செக் நாட்டிலிருந்து கூட்டிவந்த ஒப்பந்தக்காரன் நடுக்காட்டில் விட்டு ஓடினான். அன்று அவர்கள் பிழைத்தது ருமேனியர் கொடுத்த சோளத்தில். அந்தச் சோளம் எந்த வம்சம்? இதை உரக்கவே கேட்டேன்.

"விதி விதிதான்," என்றார் ஸ்டிபோர்.

"அப்ப டூபா?" என்றார் வென்டெலின்.

"யாராவது செக் ஆளு ஊதட்டும்."

"எங்க மாப்ளய விட்டா அதுக்கு இங்க ஒருத்தனுக்கும் மூச்சு பத்தாதுங்க!"

டிரயான் மெல்லக் கேட்டார்: "ஐயா சுத்தமான செக்குங்களா?"

"ஏழு தலைமுறையா," என்று நிமிர்ந்து உட்கார்ந்தார் ஸ்டிபோர்.

டிரயான் எழுந்தார். டூபாவின் ஊதுமுனையைச் சட்டைக் கையால் நன்றாகத் துடைத்தார். பிறகு பத்துக் கிலோ டூபாவை அலுங்காமல் தூக்கி, ஸ்டிபோரின் மடியில் வைத்தார்.