நின்றால் நடுங்கும் வான்

"...மிதிச்சா நல்லாத்தான் ஓடுது. காலை எடுத்தவுடனை காய்ச்சல்காரன் மாதிரி நடுங்குது" என்றார் மாமா. வானின் முன்சீற்றைத் தூக்கிவிட்டு, அதற்குக் கீழேயிருந்த எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தார்.

நெடுங்கேணியில் உழவு மிசின் திருத்துகிற மாமா, ஒரு பழைய வானுக்குள் கட்டிலும் அடுப்பும் பூட்டி, வெளிநாட்டிலிருந்து வருகிற குடும்பங்களுக்கு வாடகைக்கு விடப்போகிறார் என்பதுதான் அப்போது ஊர்க் கதை. முதல் குடும்பம் அடுத்த நாள் வருகிறது. எங்கள் மாமா வீட்டையே ஓட்டிக்கொண்டு போவார் என்று பள்ளிக்கூடத்தில் நான் அளந்துவிட்டிருந்ததால், வகுப்புப் பிள்ளைகள் பாதிப்பேர் வாசல் படலையடியில் நின்றார்கள்.

"அண்ணை, இது கொம்பியூட்டர் வண்டியெல்லே. உழவு மிசினெண்டு நினைச்சியளோ?" பக்கத்து வீட்டுக்காரர் கதிரை போட்டு உட்கார்ந்தே நக்கலடித்தார்.

மாமா பிளக்கைக் கழற்றித் துடைத்தார். காற்றுப் போகிற வாயைக் கழுவினார். நடுக்கம் நிற்கவில்லை. பிறகு, எங்கேயாவது காற்றை இழுக்கிறதோ என்று பார்க்க எஞ்சினை ஓடவிட்டு, ரப்பர் குழாய்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் ஈரம் பட்டதும் சத்தம் மாறியது. கையை விட்டுத் தடவினார். ஒரு சின்னக் குழாய் அதன் பொருத்திலிருந்து பாதி கழன்று, அந்த இடுக்கால் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. அதை அப்படி இழுத்து வைத்திருந்தது, காசு முடிந்த ஒரு மஞ்சள் துணி. நேர்த்திக்காசு!

"ஆரப்பா உந்த விசர்வேலை பாத்தது?" என்றார் கதிரையில் இருந்த பக்கத்து வீட்டுக்காரர். படலையடி வரைக்கும் சிரிப்பு.

எனக்குத் தெரியும். வான் நல்லபடி ஓடவேண்டுமென்று, முந்தின நாள் மாமி கண்ணை மூடிக் கும்பிட்டுக் கட்டியதைப் பார்த்தவள் நான். குசினி வாசலில் மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றா.

மாமா அந்தப் பக்கம் ஒருக்கால் பார்த்தார். "நான்தான் கட்டினனான்" என்றார்.

சிரிப்பு இரண்டு மடங்காகியது. கோயில் வாசல் மிதிக்காத மாமா! திருநீறு நீட்டினால் தலையைத் திருப்புகிற மாமா! மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது எனக்கு. இவ்வளவு பெரிய பொய்யை, அதுவும் தன்னையே விசரனாக்குகிற பொய்யை, ஒரு மனிசன் ஏன் சொல்லவேண்டும்? நாளைக்கு வகுப்பில் எந்த முகத்தோடு இருப்பேன் என்பதைத் தவிர வேறொன்றும் அன்றைக்கு என் மண்டைக்குள் ஏறவில்லை.

மாமா குழாயை அழுத்திப் பூட்டினார். வான் சத்தம் சீரானது. கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு குசினிப் பக்கம் திரும்பி, "இஞ்சேரும், எல்லாருக்கும் ஒரு தேத்தண்ணி போடுமன்" என்றார், ஒன்றுமே நடக்காதவர்போல.